தேத்தண்ணியில் சீனி போடச் சொன்னவர்

மனைவியின் மருந்துக்காக லாபிஸிலிருந்து ஜொகூர் பாரு போன ரயிலில், பாலோவில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நரைத்த குட்டை முடி, சிவப்பு ஸ்வெட்டர். பேசும்போது ஜன்னல், பை என்று எதையாவது விரல்நுனியால் தொட்டுக்கொண்டே இருப்பார். சிங்கப்பூரில் ஆய்வுக்கூட வேலை. என் மனைவிக்குப் புற்றுநோய் என்றதும் அந்த வேலையைப் பற்றிச் சொன்னார்.

“நம்ம ஒடம்புல காவல் செல் இருக்குண்ணே. மத்த செல்லு மேல இருக்கிற சீனியத் தொட்டுப் பார்க்கும். நம்ம ஆளுன்னு தெரிஞ்சா விட்டுடும். புத்துநோய் செல்லு அதே சீனிய அள்ளிப் பூசிக்கிட்டுத் தப்பிச்சிடுது.”

“அதான் அவளுக்குத் தேத்தண்ணியில சீனியே போடறதில்ல” என்றேன்.

அவர் விரல் நின்றது. “அலமாக்! அந்தச் சீனிய செல்லே செஞ்சுக்குதுண்ணே. தேத்தண்ணியில நிறுத்துனா அது கொறையாது. இனிப்புநீர் வியாதி இல்லன்னா, அக்காவுக்குப் பிடிச்ச மாதிரி போட்டுக் குடுங்க லா.”

அன்று மாலை வீடு திரும்பி, சீனி போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். “இப்பத்தான் தேத்தண்ணி மாதிரி இருக்கு” என்றாள்.

இப்போது அவள் இல்லை. அவள் சொன்னதை அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டும். ரயில் பாலோவில் நிற்கும்போதெல்லாம், பக்கத்து இருக்கையிலிருக்கும் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.