மாமாவின் பீங்கான் பல்

என் மாமாவிடம் பீங்கானைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. பீங்கான் தொழிலுக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலத்தில் பாதிப் பேருக்கு அந்தக் குணம் உண்டென்றாலும் மாமாவுக்குக் கொஞ்சம் கூடுதல். அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டிலேயே தங்கி, பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். சூளையிலிருந்து வந்த கட்டைமேல் மூடியை வைத்துப் பார்ப்பார். ஆடினால் விளிம்பை எமரித் தாளில் தேய்த்துக் கச்சிதமாக உட்கார வைப்பார்.

ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரிக்கும் கெட்ட பழக்கமும் அவருக்கு இருந்தது. ஒரு நாள் ஒயரோடு கடைவாய்ப் பல்லும் பாதி போய்விட்டது. பல் டாக்டர் வேருக்கு வைத்தியம் பார்த்து, மேலே பீங்கானில் ஒரு மூடி போட்டுவிட்டு, “கடி சரியா இருக்குதான்னு ரெண்டு மூணு நாள்ல வந்து காட்டுங்க” என்று சொல்லி அனுப்பினார். மாமாவாவது போவதாவது! பீங்கான் என்று ஆன பிறகு அது அவருடைய இலாகா.

மூடி கொஞ்சம் உயரமாக உட்கார்ந்திருந்தது. வாயை மூடினால் அந்த ஒரு பல்தான் முதலில் முட்டியது.

“அக்கா, மூடி கொஞ்சம் தூக்கலா இருக்குது. தேய்ச்சா உக்காந்துடும்” என்றார்.

“அது வாய்டா, உங்க கம்பெனியில்ல” என்றாள் அம்மா.

யார் கேட்டார்கள்? மாமா கண்ணாடி முன்னால் நின்று, எமரித் தாளைச் சுருட்டி வாய்க்குள் விட்டுத் தேய்த்தார். எந்த இடம் முட்டுகிறது என்று தெரியாமல் பக்கத்துப் பல்லையும் சேர்த்துத் தேய்த்தார். ஈறு கிழிந்தது, நல்ல பல் கூச ஆரம்பித்தது. டாக்டர் போட்ட மூடி மட்டும் இருந்தபடியே இருந்தது. ஆனாலும் “இப்ப கச்சிதமா உக்காந்துடுச்சி” என்று வீட்டில் அறிவித்துவிட்டார்.

அப்படி அறிவித்தவர் அப்புறம் தாடை வலி என்று எப்படிச் சொல்வார்? அதனால் காது வலி என்றார். மறுநாள் நெற்றிப்பொட்டில் வலி, அதற்கு மறுநாள் கழுத்து வலி. அம்மா காதுக்குச் சொட்டு மருந்து விட்டாள், நெற்றியில் தைலம் தேய்த்தாள். அப்பா சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போனார். பல் வலிக்கவே இல்லை என்பதால் பல்லை யாரும் சந்தேகப்படவில்லை. மாமா கொட்டாவி விட்டால் காதுக்குப் பக்கத்தில் ‘டொக்’கென்று சத்தம் வரும். எனக்கு அது வேடிக்கை, இன்னொரு தடவை கொட்டாவி விடச் சொல்லிக் கெஞ்சுவேன். அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கன்னம் ஒட்டிப்போய் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணாடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஏற்கெனவே பல இடங்கள் தட்டிப்போயிருந்தன. “இதுவும் போச்சின்னா அவன் தனிமரமாத்தான் நிப்பான்” என்று அம்மா பயந்தாள். மாமாவோ செல்போனில் வந்த போட்டோவை வெளிச்சம் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

பெண் பார்க்கப் போன வீட்டில் கைமுறுக்கு வைத்தார்கள். நல்ல கெட்டி முறுக்கு. மாமா ஒரு துண்டை வாயில் போட்டு ஒரே பக்கமாக உருட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா, “தம்பிக்குப் புடிச்சிருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டார். மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கஷாயம் குடித்தவர் மாதிரி, “ம்… சரிங்க” என்றார். கூடத்தில் எல்லோர் முகமும் சுண்டிப்போனது.

சமாளிப்பதற்காக யாரோ, இரண்டு பேரும் தனியாகப் பேசட்டுமே என்றார்கள். துணைக்கு என்னையும் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கொய்யா மரத்தடியில் அந்தப் பெண் முதலில் கேட்டது, “எந்தப் பக்கம் வலிக்குது?”

“வலியா? எனக்கா?”

“வந்ததுலேருந்து ஒரு பக்கமாவே மெல்றீங்களே.”

மாமா உடைந்துவிட்டார். ஒயரில் தொடங்கி எமரித் தாள் வரை எல்லாவற்றையும் கொட்டினார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“நீங்க சரின்னு சொன்னப்ப அழுவுற மாதிரி இருந்திச்சி. வலியில சொல்ற சரி எனக்கு வேணாங்க. மொதல்ல டாக்டரைப் போயிப் பாருங்க.”

திரும்பும்போது காரில் அம்மா, “என்னடா சொன்னா?” என்று கேட்டாள். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நேரில் கேட்ட சாட்சியாயிற்றே நான், சும்மா இருப்பேனா? “வேணாம்னு சொல்லிட்டாங்க. டாக்டரைப் போயிப் பார்க்கச் சொல்லிட்டாங்க” என்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். டாக்டர் நீலக் காகிதம் ஒன்றைப் பல் நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். பீங்கானில் ஒரு பொட்டு விழுந்தது. அந்தப் பொட்டை மட்டும் மிஷினால் லேசாகத் தேய்த்தார். மறுபடி கடிக்கச் சொன்னார், மறுபடி தேய்த்தார்.

“இவ்ளோதானா?” என்று மாமா திகைத்துப்போய்க் கேட்டார்.

“மயிரிழை ஒசரம் போதுங்க. அந்தப் பல்லை ஒதுக்கி ஒதுக்கித் தாடை கோணலா வேலை செய்யுது. காது, தலை, கழுத்துன்னு வலி இழுத்துக்கிட்டுப் போவுது. சோறும் போச்சி, தூக்கமும் போச்சி இல்ல? ரெண்டு மூணு நாளைக்கு மெத்துனு சாப்பிடுங்க, படிப்படியா விட்டுடும். எமரித் தாளை மட்டும் வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க.”

வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. மாமா மூன்றாவது தடவை சோறு கேட்டு வாங்கினார், குறட்டை விட்டுத் தூங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டு, பைக் சாவியை எடுத்துக்கொண்டு, “பெண்ணாடம் வரைக்கும் போயிட்டு வரேன்” என்றார்.

“அவங்கதான் வேணாம்னுட்டாங்களே மாமா!” என்று கத்தினேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டார். விரட்டிவிட்ட வீட்டுக்கே மறுபடியும் போகிறாரே, இந்த மனிதருக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் ஒரு பெட்டி லட்டுடன் திரும்பினார். அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டே மறுபடியும் அழ ஆரம்பித்தாள். ஒரே வாரத்தில் என் அம்மாவை இரண்டு தடவை அழவைத்த அந்தப் பெண்ணோடு ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.