ஏழு ஜடையை மழித்தவர்

எங்கள் சலூன்காரருக்கு பைபிளில் உள்ள கதையெல்லாம் தலைகீழ்ப் பாடம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒரு கதையாவது கேட்காமல் எழுந்ததில்லை. ஏழு ஜடை முடியில் பலம் வைத்திருந்த மாவீரன் கதை வந்தால் மட்டும் மனிதர் தொழிற்சங்கத் தலைவராகிவிடுவார்.

ஒரு ஞாயிறு, தூங்கிய மாவீரனை எதிரிகளிடம் பிடித்துக்கொடுக்க அவன் முடியைக் காதலியே வெட்டிவிட்டாள் என்று போதகர் பிரசங்கித்தார். மறுநாள் அந்தப் போதகரே முகம் நிறைய நுரையோடு சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“பாஸ்டர், அவளா வெட்டுனா? ஆள் கூப்பிட்டுல்ல வெட்ட வெச்சா,” என்றார் சலூன்காரர். “தூங்குறவன் முழிச்சுக்காம ஏழு ஜடையையும் வழிச்செடுக்கிறதுன்னா சும்மாவா? தொழில் தெரியணும்.”

தொண்டையில் கத்தி இருந்ததால் போதகர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு மேடையிலேயே திருத்திச் சொன்னார். சபையே திரும்பிப் பார்த்தது. சலூன்காரர் எழுந்து கையைத் தூக்கிக் காட்டினார், என்னவோ இவர் தாத்தாதான் மழித்தவர் என்பதுபோல.

வெளியே வந்ததும் அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். “ஒரு மனுசன காட்டிக்கொடுத்த வேலை அது. அதுல பெருமை வேறயா உங்களுக்கு?”

“பாவந்தான்,” என்று ஒப்புக்கொண்டார் சலூன்காரர். “ஆனா கடவுள் அந்த முடிய மறுபடியும் வளர விட்டாருல்ல? அத நம்பித்தான நம்ம கடையே நடக்குது.”