லைட் மங்கினால் கையைக் கட்டிக்கொள்வேன்

கொரட்டூரில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துத் தரும் ஒரு கடையில் வேலை செய்கிறேன். போன வருடம் எங்கள் சர்ச் பொன்விழா மலர் என்னிடம்தான் வந்தது. எங்கள் பக்கம் கரண்ட் போவதற்கு முன் டியூப் லைட் மங்கும். உடனே பாய்ந்து சேவ் கொடுப்பது கடையில் எல்லோருக்கும் பழக்கம்.

ஒரு மதியம் நானும் அப்படித்தான் கொடுத்தேன். பிளாப்பியில் பழையதன் மேலேயே புதியது பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்த பிறகு மலர் திறக்கவே இல்லை. பழையதும் போச்சு, புதியதும் போச்சு.

"இன்னாம்மா, சட்டுனு சேவ் பண்ணியிருக்கக் கூடாதா?" என்று முதலாளி கத்தினார்.

"சட்டுனு பண்ணதாலதான் சார் போச்சு! சும்மா இருந்திருந்தா காலைல அடிச்சதாவது மிஞ்சியிருக்கும்" என்றேன்.

அழுதுகொண்டே முதலிலிருந்து அடித்தேன். இந்தத் தடவை இரண்டு பிளாப்பி. பக்கம் முடிய முடிய மாற்றி மாற்றிப் பதிவேன். ஒன்று மெஷினில் இருந்தால் மற்றது என் டிராயரில் இருக்கும்.

"ஒரு வேலைக்கு எதுக்கு ரெண்டு பிளாப்பி?" என்றார்.

"ஒண்ணுதான் வேணும்னா நீங்களே அடிச்சுக்கோங்க சார்."

மறுபடியும் ஒரு நாள் லைட் மங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"குந்திகினு கீறியே, சேவ் பண்ணும்மா!"

"மாட்டேன் சார்."

கரண்ட் போனது, வந்தது. அரைப் பக்கம்தான் நஷ்டம். மலர் முழுசாகத் திறந்தது. இன்றும் லைட் மங்கினால் முதலாளி கத்துகிறார். கத்தட்டும்.