இரண்டு கொம்பிலும் குங்குமம்

எண்பதுகளில் பழங்காநத்தத்தில் கரண்டில் ஓடும் வண்டி வைத்திருந்த ஒரே குடும்பம் எங்களுடையது. மற்றவர்கள் யாரும் அப்படியொன்றுக்கு ஆசைப்படவில்லை என்பதும் உண்மை. மூன்று சக்கரம், கால் வைக்க ஒரு பலகை, இருக்கைக்குக் கீழே ஒரு லாரி பேட்டரி, அதன் பக்கத்தில் சின்ன மோட்டார். வேகம் எப்படி என்றால், கூட நடந்து வரும் எருமை கொஞ்சம் அவசரப்பட்டால் முந்திவிடும்.

வண்டி என் மனைவியுடையது. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்குக் கால்கள் இரண்டும் பலமிழந்திருந்தன. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து, கையால் சுற்றுகிற பழைய மூன்று சக்கர வண்டியில் அவளை உட்காரவைத்து, பின்னாலிருந்து நான்தான் தள்ளிக்கொண்டு போவேன். அவளை விட்டுவிட்டு என் ஆபீசுக்குப் போவேன். தாமதமாகப் போவதற்கு அதைவிடக் கௌரவமான காரணம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அந்த வருஷம் அவளுக்குத் தலைமையாசிரியை பதவி வந்தது. அதற்கு முன் பள்ளிக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர், அவள் எதிரில் இருக்கும்போதே, "நடக்கவே முடியாதவங்க பள்ளிக்கூடத்த எப்படி நடத்துவாங்க?" என்று கேட்டிருக்கிறார். நயத்தை ரசித்து இரண்டு பேர் சிரித்தும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் அழவில்லை.

"இந்த வரிய அவரு பரீட்சையில எழுதியிருந்தா நானே மார்க் போட்டிருப்பேன்" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவள் திடீரென்று, "நான் சார்ஜ் எடுக்கிற அன்னைக்கு நீங்க தள்ளிட்டு வரக் கூடாது. நானா உள்ள போகணும்" என்றாள். அன்றைக்குச் சோறு அப்படியே இருந்தது.

அதற்காகத்தான் இந்தப் புது வண்டி. திருப்பரங்குன்றம் சாலையில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர், தம் மேஸ்திரியை வைத்துச் செய்து கொடுத்தார். விஜயதசமியன்று புதுக் குழந்தைகளைச் சேர்க்கப் பள்ளி திறந்திருக்கும். அன்றைக்கே பொறுப்பேற்பது என்று முடிவாயிற்று. அவள் சார்ஜ் எடுக்க வேண்டுமென்றால் முதலில் வண்டி சார்ஜ் எடுக்க வேண்டும். அந்த ஒரு வேலைதான் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

முதல் நாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, மாலை போட்டோம். அவள் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு, ஹாரனுக்கு, சார்ஜர் பெட்டிக்கு, பிறகு இருக்கையைத் தூக்கி பேட்டரிக்கும். பேட்டரியின் இரண்டு கொம்புகளில் ப்ளஸ்ஸுக்கு மட்டும் மேஸ்திரி சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார், என் போன்றவர்களுக்கு அடையாளம் தெரிவதற்காக. மைனஸ் மட்டும் மூளியாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டுக்கும் தாராளமாகக் குங்குமம்.

பூஜை முடிந்ததும் சார்ஜ் போடப் போனேன்.

"இன்னைக்கு வேலை எதையும் தொடக் கூடாதுங்க."

"இது வேலை இல்லம்மா. வண்டிக்குச் சாப்பாடு."

எது ரொம்பச் சிவப்பாக இருந்ததோ அதை ப்ளஸ் என்று தீர்மானித்து வயரை மாட்டினேன். பொறி பறந்தது. பூஜைக்கு அது அழகாகத்தான் இருந்தது. புகை வந்ததைச் சாம்பிராணி என்று நினைத்து, கொஞ்ச நேரம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அவள்தான் மோப்பம் பிடித்து, "ஏங்க, சாம்பிராணி இப்படியா நாறும்?" என்றாள். வயரைப் பிடுங்கினேன். சார்ஜர் செத்துப்போயிருந்தது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. எரிந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பழைய வண்டிய எடுத்து வைங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டபின் நான் வீட்டில் நிற்கவில்லை.

மதுரையில் ஆயுத பூஜையன்று ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தேடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஊரில் ஸ்பானர் இல்லாமல் இல்லை. எல்லாம் சாமிக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கின்றன. மாலை போட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டே கடை கடையாகப் போனேன். எல்லாரும் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். யாரும் சார்ஜர் கொடுக்கவில்லை. ஜேபி நிறையப் பொரியோடு பாய் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், உங்க பட்டறையாவது திறந்திருக்கும்னு நம்பி வந்தேன்."

"நானும் அப்படித்தான் சார் நம்பி வந்தேன். ஸ்பானர்லயிருந்து டீ கிளாஸ் வரைக்கும் பொட்டு வெச்சு, என்னைய வெளிய உக்கார வெச்சுட்டாங்ய."

உள்ளேயிருந்து மேஸ்திரி வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் பொரித் தட்டு. "வாங்கண்ணே, எடுத்துக்குங்க" என்றவர், வண்டியைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு இருக்கையைத் தூக்கினார்.

"ரெண்டுலயும் யாருண்ணே பொட்டு வெச்சது?"

"வீட்டுல."

"நீங்க எதுலண்ணே ப்ளஸ்ஸ மாட்டுனீங்க?"

"எது நல்லாச் செவப்பா இருந்துச்சோ அதுல."

பாய் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. மேஸ்திரி சிரிக்கவில்லை. "பேட்டரி தப்பிச்சிருச்சு. சார்ஜர்தான் போச்சு. மைக்செட்காரருக்குச் செஞ்ச புதுசு ஒண்ணு இருக்கு. ஆனா அந்தா..." என்று கையைக் காட்டினார். சரஸ்வதி படத்துக்குக் கீழே சந்தனம் பூசி, செவ்வந்தி சூடி அது கொலுவிருந்தது. "காலையில மறுபூஜை போடுற வரைக்கும் அசைக்கக் கூடாதுண்ணே. அம்புட்டுதான்."

எனக்குத் தெரிந்த வேடிக்கையெல்லாம் பேசிப் பார்த்தேன். ஆபீசில் மேலதிகாரிகளையே சமாளித்த வாய் அது, அங்கே செல்லவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், கமிட்டிக்காரர் கேட்டதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மேஸ்திரியின் கண் வண்டியின் கால் பலகைக்குப் போயிற்று. அவளை உட்காரவைத்து அளவெடுத்து, அந்தக் கால் பலகையை வெல்டு வைத்தவர் அவர். பிறகு மெதுவாக, "அசைக்கத்தான பாய் கூடாது? இருக்கிற எடத்துலயே இருந்து வேலை பாத்தா?" என்றார்.

"அடேய், சாமி சும்மா இருக்குமா?"

"சாமிக்குப் போட்ட சீரியல் பல்பு எரியலையா? இதுவும் ஒரு ஓரமா எரியட்டும்."

பாய் எழுந்து வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மூவருமாக அதை உள்ளே தள்ளி, சரஸ்வதிக்கு முன்னால் நிறுத்தினோம். மேஸ்திரி கொம்புகளை விரலாலேயே துடைத்தார். சார்ஜரை இம்மியும் நகர்த்தாமல், அதன் வயர்களை மட்டும் இழுத்து மாட்டினார். பெட்டி "ம்ம்ம்" என்று முனகியது. சரஸ்வதியைப் பார்த்தேன். ஆட்சேபணை ஒன்றும் தெரியவில்லை.

காலையில் மறுபூஜை போட்டு, அந்தச் சார்ஜரையே வண்டியில் பூட்டிக் கொடுத்தார்கள். சார்ஜ் வீணாகிவிடக் கூடாதே என்று வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். நேற்றுப் பார்த்த டீக்கடைக்காரர், "இன்னுமா ஓடல?" என்று அனுதாபப்பட்டார்.

அவள் பட்டுச்சேலை கட்டித் தயாராக இருந்தாள். பக்கத்திலேயே பழைய வண்டியும் நின்றது. என்னையும் புது வண்டியையும் பார்த்தவள் என் சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துவிட்டாள்.

"நீங்க தள்ளி வாங்க. தள்ளிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

சைக்கிளில் நூறடி பின்னால் போனேன். அந்த வேகத்தில் சைக்கிள் ஓட்டுவது சர்க்கஸ்காரனுக்கே கஷ்டம். இரண்டு தரம் விழப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு மேடு ஏற வேண்டும். அதில் பாதி ஏறியதும் வண்டி திணறியது. முனகல் இறங்கியது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். என் கை தானாகவே போய் இருக்கையின் முதுகைப் பிடித்துவிட்டது.

அவள் திரும்பவில்லை. "கைய எடுங்க" என்றாள், ரொம்ப மெல்ல.

எடுத்தேன். அந்தக் கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வண்டி நிற்கிறதா, போகிறதா என்று எனக்கே தெரியவில்லை. பின்சக்கரம் ஒரு சிறு கல்லின் மேல் ஏறி இறங்கியதைப் பார்த்துத்தான் போகிறது என்று தெரிந்தது. ஹாரன் அடித்தாள். வாசலில் புதுச் சிலேட்டும் அழுகையுமாக நின்ற பிள்ளைகள் விலகினார்கள். உள்ளே போய்விட்டாள்.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருவர் என் பக்கம் வந்தார். "சார், எட்மாஸ்டர் டீச்சர் எங்க இருக்காங்க?"

"இப்பத்தான் உள்ள போனாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவங்களாவே போனாங்க" என்றும் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பிள்ளையை மாற்றி இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.