திருட்டுப் பிள்ளையார் காத்த பொட்டல்

காலையில் எங்கள் பொட்டலில் அரிசிக் கஞ்சி மணக்கும். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் எங்கள் தெரு, அதை ஒட்டி அந்தப் புறம்போக்கு. நெசவுக்காரர்கள் அங்கே நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைத்து, வெயில் ஏறுமுன் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சாயங்காலம் அது பெண்பிள்ளைகளான எங்களுடையது. வீட்டில் சத்தமாகச் சிரித்தாலே அதட்டு வாங்கிய நாங்கள் அங்கேதான் தொண்டை கிழியக் கத்தி விளையாடினோம்.

எண்பதுகளின் கடைசியில் சுற்றியிருந்த பருத்திக் காடெல்லாம் 'பிளாட்' ஆனது. ஒருநாள் பொட்டலுக்குள்ளும் மஞ்சள் அடித்த கல் முளைத்தது. மனுக் கொடுப்பதா வேண்டாமா என்று ஆண்கள் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்க, மில் வேலைக்குப் போய்வந்த என் அம்மா, "மனு போயித் திரும்புததுக்குள்ள வீடு கட்டிருவான். சாமிய வச்சிட்டா எவன் கை வைப்பான்?" என்றாள். 'திருட்டுப் பிள்ளையாருக்குத்தான் சக்தி சாஸ்தி' என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தூர்ந்த கிணற்று மேட்டில் கேட்பாரற்றுக் கிடந்த பிள்ளையாரைத் தெருப் பெண்கள் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். பிளாட் போட்ட புரோக்கர் வந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போனவர் போனவர்தான். மஞ்சள் கல்லில் நாங்கள் தேங்காய் உடைத்தோம். அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு.

தொண்ணூறுகளில் பிள்ளையாருக்கு வசதி வந்தது. வெயிலடிக்கிறது என்று தகரக் கூரை, ஆடு நுழைகிறது என்று பொட்டலையே வளைத்துச் சுற்றுச்சுவர், உண்டியல் வைத்ததும் கேட்டுக்குப் பூட்டு. ஒவ்வொன்றுக்கும் நாங்களே கைதட்டினோம். நெசவுக்காரர்கள் வேறிடம் தேடிப் போனார்கள். கடைசியாக, 'இங்கு விளையாடக் கூடாது' என்றொரு பலகை வந்தது.

போன மாதம், பல வருஷம் கழித்து, அம்மாவுடன் அங்கே நின்றேன். கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சாலையில் பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

"பிளாட்டுக்காரன் எடுத்திருந்தா அவனையாச்சும் ஏசலாம். இப்ப யார ஏச?" என்றேன்.

"என்னய ஏசு. சுவர எழுப்பச் சொன்னதே நாந்தான்" என்ற அம்மா, உள்ளே நின்ற கோயில் கமிட்டிப் பையனைக் கூப்பிட்டாள். "ஏலே, கேட்டத் தொற. பிள்ளைக செத்த நேரம் உள்ள வெளாடட்டும்."

"பூசைக்குத்தான் தொறப்போம், ஆச்சி. நீங்க வெளியூரா?" என்றான் அவன்.