மலையடித் தெருவில் ஒரு வீடு

திருத்தணி மலையடித் தெருவில் வாடகைக்கு விடும் ஒரு வீட்டின் பின்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டணத்துப் பள்ளியில் என் ஆயா வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. அதன்பிறகு தம்பி வீட்டு மூலையில் கிடக்காமல் இங்கே தனியாக இருக்கலாம் என்று வந்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் தித்திக்கிறது. சமையலறை ஜன்னலில் மலைப்படிகள் தெரிகின்றன. பிடித்துவிட்டது.

வீட்டுக்காரம்மாள் மோர் கொடுக்கிறாள். என்னைவிடச் சின்னவள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. காலைல எங்க வூட்டுக்காரரு தேங்காக் கடைக்குக் கெளம்புற வரைக்கும் வாசப்பக்கம் வராதீங்க. தாலியறுத்தவங்க எதுர வந்தா போணி ஆவாதுன்னு சொல்லிகினே இருப்பாரு. தப்பா நெனைக்காதீங்க."

தம்பி வீட்டிலும் யாராவது வெளியே கிளம்பினால் நான் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். அதற்குத் தப்பித்தானே இங்கே வந்தேன்! யாரையும் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. உடம்பெல்லாம் எரிகிறது. டம்ளரை வைத்துவிட்டு வாசல் வழியாகவே தெருவுக்கு இறங்குகிறேன். அவளும் பின்னாலேயே வருகிறாள். எதிர்வீட்டில் பூட்டு தொங்குகிறது.

"அது காலியா?"

"ஆங், காலிதான். சண்டையில சப்பான்காரன் குண்டு வுழும்னு பட்டணத்துலருந்து ஓடியாந்தவங்க இருந்தாங்க. திரும்பிப் போயிட்டாங்க. ஏங்க்கா?"

"உங்க வூட்டுக்காரரு எத்தினி மணிக்குக் கெளம்புவாரு?"

"ஆறு மணிக்கு."

"நான் அஞ்சரைக்கே அந்த வூட்டு வாசல் தெளிக்க வந்துடுவேன். அவரு கெளம்புறப்ப எதுரதான் நிப்பேன்."

என் குரல் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கட்டும். அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.