கதவுக்குத் தனி எஸ்டிமேட்

1. ஏத்திப் போடுங்க

என் தொழிலில் கஸ்டமர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க மேடம்." டெக் பார்க்கில் கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர் அதை இங்கிலீஷில் சொல்வார், வாடகைக்கு விட வீடு கட்டியவர் கன்னடத்தில் சொல்வார், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் ஒரு நாள் காலையில் போனை எடுத்ததும் ஒரு ஆம்பளைக் குரல், "எஸ்டிமேட்டை நல்லா ஏத்திப் போடுங்க மேடம்" என்றபோது ராங் நம்பர் என்றே நினைத்தேன்.

"எந்த சைட் சார்?"

"விவேக் நகர். நேத்து வந்து பாத்ரூம் அளவெடுத்தீங்களே, ரெஜினா வீடு. நான் அவங்க பையன் பிரவீன். மம்மி கையில ரெண்டு லட்சம் இருக்கு. நீங்க மூணரைன்னு போட்டுக் குடுங்க. அவங்களே வேணாம்னு விட்டுடுவாங்க."

"அவங்க விட்டுட்டா என் வேலை போச்சே சார்."

"உங்க டைமுக்கு நான் பணம் குடுத்துடறேன் மேடம்."

வேலை செய்யாமல் இருப்பதற்குக் கூலி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சார், குறைச்சு எழுதச் சொன்னாலே நான் சண்டை போடுவேன், ஏத்தி எழுதச் சொன்னா விடுவேனா? நேர்ல வாங்க, பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் சாந்தி. அடுகோடியில் ஒரு சானிட்டரிவேர் கடையில் பல வருஷம் பில் போட்டேன். கமோடும் குழாயும் விற்று விற்று, அதைப் பொருத்துகிறவர்கள் செய்கிற கூத்தையும் பார்த்துப் பார்த்து, நானே பாத்ரூம் ரினோவேஷன் எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். இப்போதும் புது வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், என்ஜினியர் எங்கே என்று. "பின்னாடி யாரும் இல்ல, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

2. ரெண்டு லட்சத்தில் என்ன வரும்

ரெஜினா அக்கா கார்மென்ட் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அளவெடுக்கப் போன அன்று இடது கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாம். கட்டுப் போட்ட கையோடு எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, என் டைல்ஸ் சாம்பிள்களை ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார்.

"இதும் இதும் ஒரே நம்பரா? ஷேட் வேற வேற மாதிரி இருக்கே."

"லாட் மாறினா அப்படித்தான் வரும்க்கா."

"எங்க லைன்ல இப்படி வந்தா பீஸைத் திருப்பி அனுப்பிடுவோம். எல்லாம் ஒரே லாட்டா வாங்கு. அப்புறம் சாந்தி, ஒரு விஷயம். என்கிட்ட சீட்டு எடுத்த ரெண்டு லட்சம் இருக்கு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

பட்ஜெட்டைப் பற்றிக் கஸ்டமர்கள் சொல்லும் முதல் தொகையை நான் நம்புவதே இல்லை. பாதிப் பேர் குறைத்துச் சொல்வார்கள், மீதிப் பேருக்கு அவர்கள் கணக்கு அவர்களுக்கே தெரியாது. ஆனால் இவர் விளக்கமே கொடுத்தார். விழுந்ததிலிருந்து மகன் ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் இருக்கும் தன் அப்பார்ட்மென்டுக்கு வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறானாம். அவருக்கு இஷ்டமில்லை. வியாழக்கிழமையானால் சர்ச்சுக்கு நடந்தே போகிறார், மார்க்கெட், டாக்டர், சிநேகிதிகள் எல்லாம் பக்கத்துத் தெருவில். அதனால் அம்மாவும் மகனும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். தன் ரெண்டு லட்சத்துக்குள் பாத்ரூமைச் சரி செய்ய முடிந்தால் அவர் இங்கேயே இருப்பார். முடியாவிட்டால் பெட்டி கட்டிக்கொண்டு மகனோடு போவார்.

"பையன் குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானேக்கா?"

"அவன் காசுல பாத்ரூம் கட்டினா, நாளைக்கு அவன் எது சொன்னாலும் நான் தலையாட்டணும். வேணாம்பா."

ஏழுக்கு ஐந்து பாத்ரூம், பழைய கட்டடம், முதல் மாடி. கதவின் மேல்பாதி உடைந்து, ஒரு பிளைவுட் துண்டை வைத்து ஆணி அடித்திருந்தது. "கதவுக்கு என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன். "அது பழசு, பசங்க உடைச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு டைல்ஸ் பேச்சுக்குப் போய்விட்டார். நானும் எஸ்டிமேட்டின் அடியில் சாதாரண பி.வி.சி. கதவு ஒன்று என்று எழுதினேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகப் பட்ஜெட் போடும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். மக்கள் ஷவரில் தொடங்குவார்கள். ஹோட்டலில் மழை மாதிரி கொட்டியதைப் பார்த்துவிட்டு வந்து, முதலில் அதை வாங்கி வைப்பார்கள். பைப்புக்கு வரும்போது கையில் காசிருக்காது. நீங்கள் தலைகீழாகப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத செலவுகள் முதலில் வரவேண்டும். உடைப்பு, உடைத்த குப்பையை ஏற்றி அனுப்புவது, பைப், வாட்டர்ப்ரூஃபிங். அதற்கப்புறம் டைல்ஸும் ஒட்டும் கூலியும். குழாய், கமோட், கண்ணாடியெல்லாம் கடைசி. இதற்கு மேல் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். அதற்கு என் எஸ்டிமேட்டில் பெயர் 'உடைச்சா தெரியும்'. ரெஜினா அக்காவுக்கு எல்லாம் சேர்த்து லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரத்தில் நின்றது. அதை வீட்டுக்குப் போய்ச் சுத்தமாக எழுதி, மறுநாள் கொடுப்பதாக இருந்தேன். அந்த மறுநாள் காலையில்தான் அந்த போன்.

3. பேக்கரியில்

பிரவீன் அடுகோடி பேக்கரிக்கு வந்தான். ஐ.டி. ஆள், முப்பத்தைந்து இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் பிடித்த பன்னை அவன் கடிக்கவே இல்லை.

"ஏன் தம்பி, அம்மா அவங்க வீட்ல இருந்துட்டுப் போறாங்க, உங்களுக்கு என்ன போச்சு?" என்று நேராகவே கேட்டேன்.

"அவங்க எப்படி விழுந்தாங்கன்னு சொன்னாங்களா?"

"வழுக்கினதா சொன்னாங்க."

"அவ்ளோதான் சொல்லுவாங்க. உள்ள தாழ் போட்டுட்டு இருக்கும்போது விழுந்தாங்க மேடம். கதவு உள்பக்கமா திறக்கற கதவு. அவங்க அதுமேலயே சாஞ்சு விழுந்து கிடந்தாங்க. பக்கத்து வீட்டுப் பசங்க தள்ளிப் பாத்தா திறக்கல. வேகமா தள்ளினா அவங்களுக்கு அடிபடும். கடைசில மேல உடைச்சு ஒருத்தன் ஏறி உள்ள குதிச்சான். நான் இதெல்லாம் போன்ல கேட்டுட்டு சில்க் போர்ட் ட்ராஃபிக்ல நிக்கறேன். வண்டி நகரல. மம்மி கூப்பிட்டா பதில் சொல்றாங்களான்னு கேட்டா, இல்லைங்கறாங்க."

அவன் பன்னைத் தட்டில் வைத்துவிட்டான். "இப்பவும் ராத்திரி எழுந்து அவங்களுக்கு போன் பண்றேன். தூங்கவிடுடான்னு திட்றாங்க. நான்தான் தூங்கறதில்ல."

எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கஷ்டமாகிவிட்டது. அம்மா மேல் அதிகாரம் பண்ணுகிற பிள்ளை என்று நினைத்து வந்தேன், எதிரில் உட்கார்ந்திருப்பவனோ பயந்துபோன பிள்ளை. நான் எழுதியிருந்த எஸ்டிமேட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வழுக்காத டைல்ஸ் இருந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. கதவு மட்டும் அதே உள்பக்கம் திறக்கிற கதவு.

"தம்பி, கதவை வெளிப்பக்கமா திறக்கற மாதிரி மாத்திடலாம். ஆனா ஃப்ரேமே புதுசா போடணும்."

அவன் உடனே போனை எடுத்துத் தேடி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் ஒன்றைக் காட்டினான். உள்ளே தாழ் போட்டிருந்தாலும், வெளியே இருக்கும் சின்னப் பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். எனக்கு அது தோன்றவில்லை, அவன்தான் கண்டுபிடித்தான். ஃப்ரேம், கதவு, தாழ்ப்பாள், கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் வந்தது.

4. உடைச்சா தெரியும்

ரெஜினா அக்காவுக்குக் கதவு விஷயமே பிடிக்கவில்லை. வெளிப்பக்கம் திறந்தால் எதிரே இருக்கிற ஃப்ரிட்ஜில் இடிக்கும்.

"அப்ப ஃப்ரிட்ஜை ஹால்ல வைக்கணுமா? வர்றவங்க போறவங்க எல்லாம் என் ஃப்ரிட்ஜ் முகத்துல முழிக்கணுமா?"

"நல்ல ஃப்ரிட்ஜ்தானேக்கா, பாத்துட்டுப் போகட்டும்."

முறைத்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். கதவுக்காக, ஆசைப்பட்டு வைத்திருந்த ரோஸ் கலர் வாஷ்பேசினை விட்டுக்கொடுத்தார், சுவர் டைல்ஸை மேலே வரை போகாமல் ஏழடியோடு நிறுத்தினார். மல்லுக்கட்டி எல்லாவற்றையும் சரியாக ரெண்டு லட்சத்துக்குள் அடக்கினோம். அந்த வாஷ்பேசினை மட்டும் போகிறபோதெல்லாம் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார் பாவம்.

வேலை ஆரம்பித்தது. பழைய டைல்ஸை உடைத்து எடுத்ததும் எங்கள் பிளம்பர் மஞ்சு சுவருக்குள் இருந்த இரும்பு பைப்பை விரலால் தட்டினார். துண்டு துண்டாகக் கையோடு வந்தது. "ஹோய்த்து அக்கா" என்றார் கன்னடத்தில். போச்சு என்று அர்த்தம். சமையலறை வரைக்கும் போச்சு. தரைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் வருஷக்கணக்காகக் கசிந்த தண்ணீர் ஊறி, உள்ளே போட்டிருந்த ஜல்லியெல்லாம் சேறு. அதையெல்லாம் அள்ளிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். ஓரமாக வைத்திருந்த பணம் மொத்தமும் போய், அதற்கு மேலும் கேட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வெளிப்பக்கம் திறக்கிற கதவுக்குக் காசில்லை.

ஹாலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பிரவீன் எதுவும் பேசாமல் இருந்திருந்தாலே போதும், அம்மா அவன் வீட்டுக்கு வந்திருப்பார். அவன் என்ன செய்தான் தெரியுமா? "மம்மி, பதினெட்டாயிரம்தானே, நான் போடறேன்" என்றான்.

"போடாத. பேசினது பேசினதுதான். ரெண்டு லட்சத்துல முடியல இல்ல, நான் உன்கூட வந்துடறேன். பாத்ரூமை முடிச்சு வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபேக்டரியில் நூறு பேரை மேய்த்தவர், மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பழைய மாதிரி உள்பக்கம் திறக்கற கதவுன்னா பணம் பத்தும். கம்பி இருக்கு, தரை வழுக்காது. அது போதுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குப் போதும். நான் இனிமே தாழே போட மாட்டேன், சும்மா சாத்திப்பேன். எனக்கு எதுக்கு அந்த அலங்காரக் கதவு?"

"அப்ப அந்தக் கதவு யாருக்கு வேணும்?"

பிரவீன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "எனக்குத்தான் மம்மி. நான் தூங்கணும். அன்னிக்கு நீங்க பதில் சொல்லல. செத்துட்டீங்கன்னே நெனச்சேன்."

இதை அதுவரை அவன் அம்மாவிடம் சொன்னதே இல்லை போலிருக்கிறது. ரெஜினா அக்கா அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையால் அவன் முட்டியில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, பழைய சூப்பர்வைசர் குரலில் பேசினார்.

"சாந்தி, எஸ்டிமேட்டை ரெண்டா போடு. பாத்ரூம் என் பேர்ல, அது ரெண்டு லட்சத்துக்குள்ள வரணும். கதவு இவன் பேர்ல. பயப்படறவன் கதவுக்குக் குடுக்கட்டும்."

"ஒரே பாத்ரூமுக்கு ரெண்டு கஸ்டமராக்கா?"

"ஏன், எழுதத் தெரியாதா உனக்கு?"

எழுதினேன். ரெண்டு எஸ்டிமேட், ரெண்டு பில், ரெண்டு கையெழுத்து. கதவு பில்லில் மகன் பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டான். அம்மா அதைப் பிடுங்கி ஐந்நூறு ரூபாய் குறைக்க வைத்தார்.

5. ஒப்படைத்த நாள்

இந்த வேலைக்குப் பிறகு, அளவெடுக்கப் போகும் வீடுகளில் டேப்பை விரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த பாத்ரூமை நினைத்தால் வீட்டில் யாருக்குத் தூக்கம் வருவதில்லை? சில வீடுகளில் சிரிப்பார்கள். சில வீடுகளில் ஒருவர் வாயைத் திறப்பார். பெரும்பாலும் அவர் செக் கொடுக்கிறவராக இருக்க மாட்டார். குழந்தை கெய்சர் தண்ணீரில் சுட்டுக்கொண்டதைச் சொல்வார், கீழ்வீட்டுக்காரர் கசிவுக்காக வாசலில் வந்து கத்தியதைச் சொல்வார். தொழிலுக்குப் புதிதாக வருகிற நீங்கள் அதை எஸ்டிமேட்டின் முதல் வரியில் எழுதுங்கள். மார்பிள் மாதிரி டைல்ஸ் எல்லாம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

ஒப்படைத்த அன்று பிரவீன் லீவ் போட்டுவிட்டு வந்திருந்தான். "மம்மி, உள்ள போய்த் தாழ் போடுங்க" என்றான். போட்டார். வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருப்பினான், திறந்தது. மறுபடி போடச் சொன்னான். மறுபடி திறந்தான். அடுத்த தடவை நாணயத்தை வைக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய், இப்ப எனக்கு நெசமாவே அவசரம். அந்தப் பக்கம் போ."

நானும் மஞ்சுவும் சிரித்தே விட்டோம். பிரவீனும் சிரித்துக்கொண்டே ஹாலுக்குப் போய் சோஃபாவில் உட்கார்ந்தான். நான் அடுப்படியில் எல்லோருக்கும் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தேன். ரெஜினா அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவன் உட்கார்ந்த இடத்திலேயே தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தான். நாணயம் இன்னும் கையில்.

காபியைக் கொடுக்கலாம் என்று அவன் தோளைத் தொடப் போனேன். ரெஜினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாத சாந்தி. காபி ஆறினா வேற போட்டுக்கலாம்."